துளை பொருந்தினாற் போதுமா?

அச்சாணி இல்லாத் தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. தேரின் உயரத்தையும் அதன் சிற்ப வேலைப்பாட்டையும் கண்டு வியப்பவர் பலர். சக்கரம் கழன்று விடாமற் காக்கும் அந்தச் சிறு இரும்பு முளையைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. அந்த முளை ஒன்று குறைந்தாற் பெரிய தேரும் இருந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இக்காலத்துத் தேராகிய லொறியிலே இத்தகைய அச்சாணிகள் பல நூறு உண்டு. அவற்றுள் ஒன்று உள்ளங்கையளவேயான ஓர் இரும்புத் துண்டு. லொறியின் சுக்கானைத் திருப்புவதற்குச் சாரதிக்குத் துணைபுரியும் பம்பியை எஞ்சினின் பக்கத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பது அதன் வேலை. கராஜில் அதனை ‘பிரக்கெட்’ என்பர். நாம் தாங்கி என்போம். தனக்குரிய எஞ்சினில் இருக்கும்வரை அதனை ஒருவரும் நினைப்பதில்லை. வேறொரு வாகனத்தின் தாங்கி அவ்விடத்திலே வந்து அமர்ந்ததும், அதன் பெயர் வீட்டிலுள்ள சிறுவருக்கும் தெரிந்துவிடுகிறது. இந்தச் சிறு பொருளிலே பள்ளிக்கூடத்துக் கேத்திரகணிதமும் ஒரு குடும்பத்தின் பிழைப்பும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாவியும் லொறியும்

ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் மட்டக்களப்பு வாவி, நம் நாட்டை இங்கே இரு கரைகளாகப் பிரித்திருக்கிறது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையிலே கடலோரச் சாலையும் சந்தைகளும் நெருங்கிய குடியிருப்புகளும் உள்ளன. படுவான்கரையிலே கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி முதலிய ஊர்களைச் சூழக் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளி விரிந்து கிடக்கிறது. நெல் விளைவது ஒரு கரை. அதனை வாங்கி விற்கும் கடைத்தெரு மறு கரை.

இடையிலுள்ள நீரைக் கடப்பதே முற்காலத்திற் பெரும்பாடாயிருந்தது. வண்டில்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை இப்பகுதி மக்கள் ‘பாதை’ என்றே அழைத்தனர். நீரின்மேல் நகரும் ஒன்றுக்குப் பாதை என்று பெயரிட்டதிலிருந்தே அதன் இன்றியமையாமை விளங்கும். நகரையும் கல்லடியையும் இணைக்கும் பழைய இரும்புப் பாலம் 1924இல் எழுந்தது. அதன் அருகே புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. மண்முனைத் துறையிலே பாலம் வந்தது 2014இல். அதன் பின்னர் படுவான்கரை நெல் அத்துறையிலே பாதைக்குக் காத்திராமல் லொறியிலேறி நேரே அக்கரை சேரலாயிற்று.

லொறியை நம்பி வாழும் குடும்பங்கள் இங்கே பல. பெரும்போக அறுவடைக் காலம் சில வாரங்களே நீடிக்கும். அவ்வாரங்களில் ஓடிய ஓட்டமே கடன் தவணைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வழிகாட்டும். அந்த நாட்களில் லொறி கராஜில் நின்றுவிட்டால் வீட்டில் அடுப்பு எரிவதே கேள்வியாகிவிடும்.

புதிய லொறியை வாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாட்டை வாட்டிய பொருளாதார நெருக்கடியின்போது உதிரிப்பாகங்களும் அரிதாயின. தடை படிப்படியாகத் தளர்ந்தது 2024இன் இறுதியிலும் 2025இன் தொடக்கத்திலுமே. இந்த ஐந்தாண்டுக் காலத்திலே நாட்டின் பாரத்தைச் சுமந்தவை பழைய லொறிகள்; அவற்றைச் சுமந்தவர்கள் கராஜில் வேலை செய்யும் பாஸ்மார். ஒன்றன் பாகத்தை மற்றொன்றுக்குப் பொருத்துவது அவர்களுக்கு அன்றாடக் கடமையாயிற்று. பொருந்தாத தாங்கி என்னும் பிரச்சினையும் அவ்வாறே பெருகிற்று.

கை கட்டளையிட, எண்ணெய் வேலை செய்யும்

பாரமேற்றிய லொறியின் முன்சக்கரங்களை வெறுங்கையாலே திருப்புவது எளிதன்று. முற்காலத்து லொறிச் சாரதிகளுக்குத் தோளும் புயமும் மல்லர்க்குப்போல் இருக்க வேண்டியிருந்தது. இக்குறையைக் கண்டு மருந்து தேடியவரும் லொறித் துறையைச் சேர்ந்த ஒருவரே. அமெரிக்காவிலே பியர்ஸ் ஆரோ நிறுவனத்தின் லொறிப் பிரிவில் பொறியியலாளராயிருந்த பிரான்சிஸ் டேவிஸ், எண்ணெயின் அழுத்தத்தைக்கொண்டு சுக்கானைத் திருப்பும் முறையை வகுத்து 1926இல் ஒரு காரிலே பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஆயினும், பொதுமக்கள் வாங்கும் காரிலே அது வந்து சேர மேலும் கால் நூற்றாண்டு சென்றது. 1951இல் கிறைஸ்லர் நிறுவனம் தனது இம்பீரியல் காரிலே அதனை அமைத்தது.

அதன் தத்துவம் எளியது. எஞ்சின் சுழலும்போது ஒரு பெல்ட் பம்பியையும் சுழற்றுகிறது. பம்பி எண்ணெயை மிகுந்த அழுத்தத்தோடு தள்ளுகிறது. சாரதி சுக்கானைச் சிறிது திருப்பியதும் ஒரு வாயில் திறந்து, அந்த எண்ணெய் எப்பக்கம் செல்லவேண்டுமோ அப்பக்கம் சென்று சக்கரத்தைத் தள்ளுகிறது. கை கட்டளையிடுகிறது, எண்ணெய் அதனை நிறைவேற்றுகிறது. சில லொறிகளிலே பம்பியைப் பற்சக்கரம் சுழற்றும். நாம் இங்கே பேசுவது பெல்ட் சுழற்றும் வகையைப் பற்றியே.

இனி ஆபத்தைப் பார்ப்போம். ஓடிக்கொண்டிருக்கையில் பெல்ட் கழன்றுவிட்டால் சுக்கான் இறுகிப் பூட்டிக்கொள்வதில்லை. சக்கரத்துக்கும் சுக்கானுக்குமுள்ள இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கும். ஆனால், இதுவரை ஒரு விரலாலே திரும்பிய சுக்கான் ஒரு கணத்திலே பாறையாய்க் கனத்துவிடும். நேர்ச் சாலையில் அதனைச் சமாளிக்கலாம். வாவியோரத்து வளைவிலே, நூறு மூடை நெல்லோடு திரும்பும்போது அது நேர்ந்தாற் சாரதி வியப்பு நீங்குமுன்பே லொறி சாலையைவிட்டு இறங்கிவிடும். அதே பெல்ட் நீர்ப்பம்பியையும் சுழற்றுவதாயின் எஞ்சினும் கொதித்துப்போகும்.

தையல் இயந்திரம் தரும் பாடம்

பெல்ட் ஏன் கழல்கிறது? இதனை அறியக் கராஜுக்குப் போகவேண்டியதில்லை. வீட்டிலுள்ள மிதி தையல் இயந்திரமே போதும். கீழேயுள்ள பெரிய சக்கரத்தையும் மேலேயுள்ள சிறிய சக்கரத்தையும் ஒரு தோல்வார் இணைக்கிறது. இரண்டு சக்கரங்களும் ஒரே நேரில் இருக்கும்வரை வார் ஓசையின்றி ஓடும். மேலேயுள்ள இயந்திரத்தலை பலகையிலே சற்று நகர்ந்துவிட்டால், வார் ஓரத்திலே தேய்ந்து, கிறீச்சிட்டு, ஈற்றில் கழன்று விழும். அம்மாவோ அக்காவோ உடனே இயந்திரத்தலையைத் தட்டி நேர்ப்படுத்துவர். அவர்கள் செய்வது பொறியியலே.

லொறியின் எஞ்சினிலும் இதே விதிதான். எஞ்சினின் சுழல்தண்டு முனையிலே ஒரு கப்பி உண்டு; பம்பியின் முனையிலே மற்றொரு கப்பி உண்டு. இவ்விரண்டின் பள்ளங்களும் ஒரே தளத்தில் இருத்தல் வேண்டும். இங்கேயுள்ள பிழை இருவகைப்படும். இரண்டு கப்பிகளும் சமாந்தரமாய் இருந்தும் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாய் நிற்பது ஒரு வகை. ஒன்று சாய்ந்து நிற்பது மற்றொரு வகை. ஆப்பு வடிவான பெல்ட்டுக்கு அரைப் பாகை வரை பிழை பொறுக்கும் என்பது பொறியியலாளர் கொள்ளும் அளவு. அரைப் பாகையின் தான்சன் 0.0087. எனவே கப்பிகளின் மையங்கள் 30 சென்ரிமீற்றர் இடைவெளியிலே இருந்தாற் பொறுக்கத்தக்க விலகல் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர். இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்தால் அந்த அளவையும் கடந்துவிடும்!

பொருந்தாமை வரும் வழிகள்

பழைய லொறியின் எஞ்சின் ஓய்ந்ததும், இறக்குமதியான பழைய எஞ்சின் ஒன்றை வாங்கிப் பூட்டுவது இங்கு வழக்கம். ஒரே பெயருடைய எஞ்சினாயினும் ஆண்டுக்கு ஆண்டு கப்பியின் ஆழமும் தாங்கியின் உயரமும் மாறியிருக்கும். சிலவேளை பம்பி மட்டும் பழுதாகிக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளிலிருந்து வேறொரு பம்பி வரும். சிலவேளை சுக்கானுக்கு எண்ணெய்த் துணையே இல்லாதிருந்த லொறிக்கு அதனைப் புதிதாய் ஏற்றுவர். எப்படி வந்தாலும் பழைய தாங்கியும் புதிய பம்பியும் ஒன்றையொன்று அறியாத விருந்தினர்போல் நிற்கும்.

இந்த இடத்திலே அடிக்கடி கேட்கும் உரையாடல் ஒன்று உண்டு.

“துளை மூண்டும் சரியாத்தானே இருக்கு, பாஸ்! பூட்டி விடுங்க.”

“துளை சரிதான் தம்பி. கப்பி சரியில்லையே!”

இவ்விரு வாக்கியங்களுக்கும் இடையிலேதான் தொழிலறிவு நிற்கிறது. துளைகள் பொருந்தினால் பாகம் அமர்ந்துவிடும். கப்பிகளின் தளம் பொருந்தினாற்றான் அது வேலை செய்யும்.

மரையாணியிலும் ஒரு பொறி உண்டு. முற்காலத்திலே ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போன அளவிலே மரையிட்டது. ஜோசப் விற்வர்த் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் 1841இல் எல்லார்க்கும் ஒரே மரையளவு வேண்டும் என்று திட்டம் வகுத்தார். பழைய ஆங்கில லொறிகள் அங்குல மரபைச் சேர்ந்தவை; ஜப்பானிய லொறிகள் மில்லிமீற்றர் மரபைச் சேர்ந்தவை. மில்லிமீற்றர் மரபுக்குள்ளும் வேறுபாடு உண்டு. 10 மில்லிமீற்றர் தடிப்பான போல்ட்டுக்கு ஜப்பானிய வாகனங்களில் மரையிடைவெளி பெரும்பாலும் 1.25 மில்லிமீற்றர், இரும்புக்கடையிலே சாதாரணமாய்க் கிடைக்கும் போல்ட்டில் 1.5 மில்லிமீற்றர். தடிப்பு ஒன்றாகையால் இரண்டு மூன்று சுற்று இனிதே ஏறும், அப்பால் இறுகும். ‘இறுகுகிறது, நல்லது’ என்று எண்ணிச் சாவியை வலிந்து திருப்பினால் எஞ்சினின் வார்ப்பிரும்பிலுள்ள மரை உரிந்துபோகும். நூறு ரூபாய் போல்ட் ஒன்று எஞ்சினையே காயப்படுத்திவிடும். புதிய போல்ட்டைக் கையாலேயே முழுத்தூரமும் ஏற்றிப் பார்த்தபின் சாவியை எடுப்பவரே அறிந்தவர்.

வொஷர் அடுக்கும் வைத்தியம்

அவசரக்காரர் செய்யும் முதல் வைத்தியம் வொஷர் அடுக்குதல். பம்பி ஆறு மில்லிமீற்றர் பின்னே நின்றால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் மூன்று வொஷர்; காரியம் முடிந்தது! கப்பி நேரே வந்தது உண்மையே. ஆனால், டீசல் எஞ்சினின் ஓயாத அதிர்விலே வொஷர்கள் ஒன்றோடொன்று அரைந்து அழுந்துகின்றன. போல்ட்டின் இறுக்கம் தளர்கிறது. சில நூறு மைல் ஓடியதும் மூன்று போல்ட்டுகளில் ஒன்றை எங்கேயோ சாலையிலே தேடவேண்டியிருக்கும்.

இரண்டாவது வைத்தியம் துளையை அரத்தாலே நீட்டிக்கொள்ளுதல். துளை நீண்டால் பம்பியை நகர்த்தலாம். அதே காரணத்தாற் பம்பி தானாகவும் நகரும். மூன்றாவது வைத்தியம் பழைய தாங்கியை வெட்டி வெல்டிங் செய்தல். வார்ப்பிரும்புத் தாங்கியை முறையாய்ச் சூடேற்றாமல் ஒட்டினால் ஒட்டின் அருகே மயிரிழைபோல் வெடிப்பு விழும். அது வெளியே தெரிவதற்குள் பயணம் தொடங்கிவிடும்.

தாங்கியை நீட்டிக்கொள்வதிலும் கவனம் வேண்டும். ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட இரும்புத் துண்டின் நீளத்தை இரட்டித்தால், அதே பாரத்துக்கு அதன் வளைவு இரண்டு மடங்காகும் என்றே பலரும் நினைப்பர். உண்மையில் எட்டு மடங்காகிறது. நீளத்தின் கனத்துக்கு நேர்விகிதமாய் வளைவு பெருகுகிறது என்பது பௌதிக விதி. வாய்பாட்டைப் பரீட்சைக்காக மனனஞ்செய்யும் மாணவன், அது லொறியின் வயிற்றிலே உயிரோடு இருப்பதைக் காணவேண்டும்.

நூல் சொல்லும் தீர்ப்பு

முறையான வேலை அளவிலே தொடங்குகிறது. விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. உறுதியான நூல் ஒன்றும் நேர்விளிம்புள்ள இரும்புச் சட்டம் ஒன்றும் போதும். தச்சன் நூல் பிடிப்பதுபோல, சுழல்தண்டுக் கப்பியின் முகத்திலே நூலை ஒட்டிவைத்து, பம்பிக் கப்பி வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். நூல் பம்பிக் கப்பியின் இரு விளிம்புகளையும் ஒரேசமயத்தில் தொட்டால் நேர். இரண்டையும் தொடாமல் ஒரே அளவு இடைவெளி விட்டால் அது முன்பின் பிழை. ஒரு விளிம்பை மட்டும் தொட்டால் சாய்வுப் பிழை. கப்பிகளின் விளிம்புத் தடிப்பு வேறுபடுமாயின் முகத்தை விட்டுப் பள்ளத்தின் நடுவையே அளக்க வேண்டும்.

அடுத்து, குற்றவாளி யாரென்று காண வேண்டும். தாங்கியா, பம்பியா, கப்பியா? பம்பியின் சுழற்சித் திசையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வகைப் பம்பிகள் பெரும்பாலும் ஒரு திசையிலே சுழல்வதற்கே அமைந்தவை. மறுதிசைப் பம்பியை எவ்வளவு அழகாய்ப் பூட்டினாலும் பயனில்லை. கப்பியின் விட்டமும் கணக்கிலே சேரும். சுழல்தண்டுக் கப்பி 15 சென்ரிமீற்றரும் பம்பிக் கப்பி 12 சென்ரிமீற்றரும் ஆயின், எஞ்சின் நிமிடத்துக்கு 2000 முறை சுழலும்போது பம்பி 2500 முறை சுழலும். வேறொரு எஞ்சினிலிருந்து வந்த சிறிய கப்பி பம்பியை வரம்புமீறி ஓடவைக்கும். பெரிய கப்பி, வயல்வரம்பருகே மெதுவாய்த் திரும்பும்போது எண்ணெய் போதாமற் செய்யும்.

தாங்கியைச் செய்தல்

பம்பி பின்னே நிற்கிறதாயின், குறைந்த அளவுக்குச் சரியாக, லேத்திலே ஒரே துண்டாய்க் கடைந்தெடுத்த உருக்குக் குழல்களை இடையிலே வைக்க வேண்டும். மூன்று துளைக்கும் மூன்று குழல். மூன்றும் ஒரே நீளம். ஒன்று சிறிது குறைந்தாலும் பம்பி சாய்ந்து சாய்வுப் பிழை பிறக்கும். பம்பி முன்னே நிற்கிறதாயின், தாங்கியின் தடிப்பு இடங்கொடுக்குமளவுக்கு அதன் முகத்தைக் கடைந்து குறைக்கலாம்.

இரண்டும் இயலாதபோது புதிய தாங்கியே வழி. முதலிலே தடித்த காகித அட்டையில் வடிவம் வெட்டி எஞ்சினில் வைத்துப் பார்ப்பது சிறந்த வழக்கம். அட்டையிலே செய்த பிழை கத்தரியோடு போகும். இரும்பிலே செய்த பிழை காசோடு போகும். அட்டை சரியென்று கண்டபின் தடித்த உருக்குத் தகட்டிலே அதனை வரைந்து வெட்டலாம். தகடு தனியே நீட்டிக்கொண்டு நில்லாதபடி, எஞ்சினின் மற்றோரிடத்திலிருந்து ஒரு சாய்கையைக் கொண்டுவந்து பிடிக்க வேண்டும். மூன்று பக்கங்களும் உறுதியாயின் முக்கோணம் வடிவம் மாறாது, சதுரமோ நசியும். வீட்டுக் கூரையிலும் பாலத்தின் இரும்புச் சட்டத்திலும் முக்கோணம் இருப்பது இதனாலேயே.

பெல்ட்டை இறுக்குவதற்கு வளைந்த நீள்துளை ஒன்று வேண்டும். அது இறுக்கத்தைச் சரிசெய்வதற்கே உரியது. பாரத்தைத் தாங்கும் போல்ட்டுகளுக்கு வட்டத்துளையே வேண்டும்.

சாலைக்குப் போகுமுன்

பூட்டியபின் பெல்ட்டின் நீண்ட பகுதியைப் பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் இறங்குவது பொதுவான அளவு. எண்ணெய்க் குழாய்கள் கூரிய விளிம்பிலோ சூடான புகைக்குழாயிலோ உரசாதிருத்தல் வேண்டும். அழுத்தம் மிகுந்த குழாய்க்குப் பதிலாகச் சாதாரண இறப்பர்க் குழாயை வளையமிட்டு இறுக்குவது தீயோடு விளையாடுவதாகும். பீறிடும் எண்ணெய் சூடான இரும்பிலே பட்டால் உண்மையிலேயே தீப்பற்றும். அந்த வாகனத்துக்கு உரிய எண்ணெயையே ஊற்ற வேண்டும். பிரேக் எண்ணெயை ஊற்றினால் உள்ளேயுள்ள இறப்பர் வளையங்கள் கெட்டுவிடும்.

முன்சக்கரங்களை நிலத்திலிருந்து உயர்த்தித் தாங்குகட்டைமேல் உறுதியாய் நிறுத்தி, எஞ்சினை ஓட்டாமலே சுக்கானை இரு எல்லைவரையும் மெல்லப் பலமுறை திருப்பினால் எண்ணெயில் அகப்பட்ட காற்று வெளியேறும். பின்னர் எஞ்சினை ஓட்டியும் அவ்வாறே செய்யலாம். எல்லையிலே சுக்கானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கலாகாது. அழுத்தம் உச்சத்தில் நிற்க, பம்பி சூடேறும். ஒருநாள் ஓடியபின் போல்ட்டுகளையும் பெல்ட்டையும் மீண்டும் பார்க்க வேண்டும். புதிய பெல்ட் சற்று நீளுவது இயற்கை. உவர்க்காற்று வீசும் நம் பகுதியிலே துருப் பிடிக்காதபடி தாங்கிக்கு வர்ணம் பூசுவதும் நன்று.

திரும்பும்போது எழும் கிறீச்சொலி, கப்பியைச் சுற்றிப் படியும் கரிய இறப்பர்த் தூள், ஒரு விளிம்பு மட்டும் பிசிரெழுந்த பெல்ட் ஆகிய மூன்றும் தாங்கி அனுப்பும் கடிதங்கள். வாசிக்கத் தெரிந்த சாரதி தப்புவான்.

மாணவர்க்கும் பெற்றோர்க்கும்

படிப்பு ஏறாத பிள்ளையைத்தான் கராஜுக்கு அனுப்பவேண்டும் என்னும் எண்ணம் நம்மவரிடம் இன்னும் நீங்கவில்லை. மேலே கண்ட வேலையை எண்ணிப் பாருங்கள். தளம், கோணம், விகிதம், நெம்பு, அழுத்தம், உலோகத்தின் குணம் ஆகிய எதை விட்டுவிட்டு இத்தாங்கியைச் செய்யமுடியும்? எழுத்தறியாத முதிய பாஸ் ஒருவர் நூல் பிடித்துக் கண்டதும், கரும்பலகையில் ஆசிரியர் வரைந்து காட்டுவதும் ஒரே உண்மையே.

இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காத ஒருவரை இம்மண்ணே தந்தது. 1892இல் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் தமிழறிஞர் மட்டுமல்லர். விஞ்ஞானம் பயின்று விஞ்ஞானம் கற்பித்தவர். பழந்தமிழரின் யாழைப் பற்றி எழுதியபோதும் நரம்பின் அளவையும் விகிதத்தையும் கணக்கிட்டே ஆராய்ந்தார். 1947இல் வெளிவந்த யாழ்நூல் அதற்குச் சான்று. அளந்து அறிதல் என்பது இசைக்கும் இரும்புக்கும் பொதுவான ஒழுக்கம்.

இன்று உயர்தரத்திலே 2013ஆம் ஆண்டு தொடங்கிய தொழினுட்பவியல் துறை இருக்கிறது. தொழிற்பயிற்சி பெறுவோர்க்குப் படிப்படியாய் உயரும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ்களும் உண்டு. கையாலே வேலை செய்யும் பிள்ளை கல்வியை விட்டுவிட வேண்டும் என்ற நிலை இப்பொழுது இல்லை. பெற்றோர் இவற்றை விசாரித்து அறிந்துகொள்வது கடமை.

மாணவர்கள் நாளைக் காலை பள்ளிக்குப் புறப்படுமுன் தங்கள் துவிச்சக்கர வண்டியின் பின்னே குனிந்து, சங்கிலி முன்சக்கரப் பல்லிலிருந்து பின்சக்கரப் பல்லுக்கு நேரே செல்கிறதா என்று ஒருமுறை பார்க்கட்டும். கோணலாயிருந்தால் ஏன் என்று கேட்கட்டும். விடையைத் தாமே ஒரு நூல் பிடித்துக் கண்டுகொள்ளட்டும். அறுவடைக் காலத்திலே மண்முனைப் பாலத்தின்மேல் நெல் மூடைகளோடு பத்திரமாய்ச் செல்லும் ஒவ்வொரு பழைய லொறிக்குப் பின்னாலும், அவ்வாறு குனிந்து அளந்து பார்த்த ஒருவர் இருக்கிறார்.